மாதிரி கொடுத்தவர்களின் பிள்ளைகள்

"தங்கச்சிக்குக் கம்பஸ் கெடச்சிருக்குங்க அக்கா. மெடிசின் இல்ல, பயோ சயன்ஸ். அத படிச்சா கடைசியில என்னவா வருவா?"

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், தேத்தண்ணிக் கடையில் வைத்து மஸ்கெலியாத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி. பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். தங்கை படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்டு கொழும்புக்கு வந்தவர். ஊரில் அப்பாவும் அம்மாவும் இதே கேள்வியை இவரிடம் கேட்கிறார்கள். டொக்டர் என்றால் புரிகிறது, டீச்சர் என்றால் புரிகிறது, இது என்ன?

வெள்ளவத்தையிலும் இதே குழப்பம்தான். உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு வைத்தியபீடம் ஒன்றுதான் வாசல் என்று நினைக்கும் வீடுகளே அதிகம். ஒரு சில புள்ளிகள் குறைந்து விஞ்ஞானபீடம் கிடைத்தால் வீடே சோர்ந்து போகிறது. ஆகவே தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்கள் தங்கை மருத்துவ ஆராய்ச்சியாளராக வரலாம். அது டொக்டர் வேலைக்குக் கீழே உள்ள வேலை இல்லை, வேறு வேலை.

கையில் இருக்கும் தேத்தண்ணியிலிருந்தே தொடங்குவோம். தோட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் குருதிச்சோகை. கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. ஏன்? மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கியிருக்கலாம். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. கொழுக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் எத்தனை மாத்திரை போட்டாலும் ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றும் தண்ணீர்தான். இல்லாவிட்டால் அந்தப் பெண் தலசீமியா மரபணு ஒன்றைச் சுமப்பவராக இருக்கலாம். அவர்களுடைய சிவப்பணுக்களும் இரும்புக் குறைபாட்டில் போலவே சிறுத்துத்தான் தெரியும். ஆனால் இரும்பு கொடுத்து அதை மாற்ற முடியாது. வெளியே தெரிவது ஒரே சோர்வும் ஒரே வெளிறிய கண்ணும்தான், உள்ளே காரணங்கள் வேறு, செய்யவேண்டியதும் வேறு.

வாசலில் நூறு பேர் காத்திருக்கும்போது டொக்டர் ஒவ்வொருவருக்கும் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பிரதேசத்தில் எத்தனை பேருக்கு எந்தக் காரணம், எந்தப் பரிசோதனையால் அதைச் சரியாகப் பிரித்தறியலாம், எந்தச் சிகிச்சை யாருக்குப் பலன் தந்தது என்று யாரோ ஒருவர் இரத்த மாதிரி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, எண்ணி, ஒப்பிட்டு, எழுதி வைக்க வேண்டும். அந்த யாரோதான் ஆராய்ச்சியாளர். இந்த வேலை நடக்கும் இடங்களும் தூரத்தில் இல்லை. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். கின்சி வீதியில் கொழும்பு வைத்தியபீடம், அதற்குள்ளே மனித மரபணுவியல் பிரிவு. குமாரதுங்க முனிதாச மாவத்தையில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்குமான பட்டப்பின் நிறுவகம்.

ஆய்வை யார் செய்தால் என்ன, விஞ்ஞானம் பொதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. விடை பொதுதான். ஆனால் கேள்வி ஒரு வாழ்க்கையிலிருந்து வருகிறது. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று படிவத்தில் கேட்டால் தோட்டத்துப் பெண் "ஆமாங்க" என்பார், அது பொய்யும் இல்லை. லயத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி அந்தப் படிவத்தை எழுதியிருந்தால் அடுத்த வரியிலேயே "எதோடு போடுகிறீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருப்பாள். மலையில் கொழுந்து பறிக்கும்போது தேத்தண்ணி எப்போது வரும் என்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு கேள்வியையும் கேட்பாள்: மலையில் கழிப்பறை எங்கே? பறிக்கும் நேரத்தில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அப்படி அடக்கிக்கொண்டு வாழ்வது உடலுக்கு என்ன செய்கிறது என்பது ஓர் ஆய்வுத் தலைப்பாகவே அவளுக்குத் தோன்றும்.

மலையக மக்கள் மருத்துவ ஆராய்ச்சிக்குப் புதியவர்கள் அல்லர் என்பதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம். கொழும்பில் பக்டீரியாவியல் ஆய்வு நூறாண்டுக்கு மேற்பட்டது. இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெல்லானி இங்கிருந்த பக்டீரியாவியல் நிறுவனத்தில் பணியாற்றியபோதுதான், 1905ஆம் ஆண்டில், பறங்கி நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டார். ஆய்வு மலையகத்துக்கும் வந்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கையில் தொடங்கியது. இடம், பெருந்தோட்டங்கள். தொழிலாளரின் மலம் சோதிக்கப்பட்டது, மருந்து கொடுக்கப்பட்டது, எண்கள் அறிக்கைகளாக வெளிநாடு போயின. மருந்தால் புழு வெளியேறியது. ஆனால் போதிய கழிப்பறைகள் கட்டப்படாததால் மீண்டும் தொற்றியது. தோட்ட நிர்வாகங்களுக்குக் கழிப்பறைச் செலவில் ஆர்வம் குறைவு. இந்த வேலைத்திட்டத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மலைநாட்டின் இரத்தமும் எடையும் உயரமும் அளக்கப்பட்டு வருகின்றன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் ஏறக்குறைய 32 சதவீதம். மாதிரியாக நின்றவர்கள் இத்தனை பேர். அந்த மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தவர்களில் அவர்களுடைய பிள்ளைகள் மிகச் சிலர்.

வெளியிலிருந்து வந்து அந்த வாழ்க்கையை மதித்துப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாண வைத்தியபீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த சி. சிவஞானசுந்தரத்தை நமக்கு "நந்தி" என்ற எழுத்தாளராகத் தெரியும். தோட்டத்து மக்களை வைத்து "மலைக்கொழுந்து" என்ற நாவலை எழுதியவர் அவர். மருத்துவமும் கதையும் ஒரே அக்கறையின் இரண்டு கைகளாக இருந்தன. அவரைப் போல இன்னும் பலர் வரட்டும். ஆனால் மலையகத்துப் பிள்ளையே அந்த இடத்துக்கு வருவதற்கு அது ஈடாகாது.

ஏன் வரவில்லை? திறமைக் குறைவு என்று சொல்பவர்களிடம் வரலாற்றைத்தான் காட்ட வேண்டும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையும் இந்தியாவும் அந்த மக்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டன. எஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையான குடியுரிமைக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில். அதுவரை பெரும்பாலும் ஓரிரு ஆசிரியரோடு ஓர் அறையில் ஐந்தாம் வகுப்புவரை மட்டும் நடந்த இடங்கள் அவை. நாட்டின் மற்றப் பகுதிகளில் பிள்ளைகள் மூன்றாம் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது இங்கே முதல் தலைமுறை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது.

இப்போதுள்ள நிலையையும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வைத்திருக்கும் பாடசாலையை 1ஏபி என்று வகைப்படுத்துகிறார்கள். மலையகத்தில் தமிழ்மொழி மூல 1ஏபி பாடசாலைகள் குறைவு. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற சில இடங்களுக்கு நாலாபுறமும் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெயருக்கு விஞ்ஞானப் பிரிவு இருந்தும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் உண்டு. அதனால் கெட்டிக்காரப் பிள்ளையும் கலைப் பிரிவுக்குப் போகிறாள். பதினாறு வயதிலேயே ஆராய்ச்சிப் பாதை மூடப்படுகிறது. மூடியது யார் என்று ஒருவரையும் காட்ட முடியாது.

இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி பற்றிப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழர் மனதில் அது ஆறாத புண். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவர் வைத்தியபீடத்துக்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலத்தில் 229 போதுமாக இருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அந்த இழப்பு எப்படி உணரப்பட்டது என்பது இந்த நாட்டின் பிற்கால வரலாற்றின் ஒரு பகுதி. இன்றைய முறையில் பெரும்பாலான விஞ்ஞானத் துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் எடுக்கப்படுகிறது. 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மேலும் 5 சதவீதம் 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியானால் தோட்டத்துப் பிள்ளைக்கு நியாயம் கிடைத்துவிட்டதே என்று தோன்றும். இல்லை. ஒதுக்கீடு மாவட்டத்துக்கு. மாவட்டத்துக்குள் யாருக்கு என்று அது கேட்பதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது தோட்டத்து மக்கள் முழுமையாக எண்ணப்படுகிறார்கள். அந்தத் தொகையால்தான் இடங்கள் கூடுகின்றன. ஆனால் அந்த இடங்களுக்குப் போட்டியிட விஞ்ஞானப் பிரிவு இருக்கும் பாடசாலை வேண்டும். அது நகரத்தில் இருக்கிறது, தோட்டத்தில் இல்லை. தலை எண்ணும்போது சேர்க்கிறார்கள், இடம் கொடுக்கும்போது தானாகவே விடுபட்டுப் போகிறார்கள். ஒதுக்கீட்டை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். வாசலைப் பற்றியே ஐம்பது வருடமாகப் பேசிய நாம், வாசலுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வழியைப் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

வாசலைத் தாண்டியபின் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் ஏன் அதிகம் தவறுகிறார்கள் என்று தேடினார். ஆர்வம் இல்லை, வீட்டில் ஆதரவில்லை, அடிப்படை போதாது என்றெல்லாம் பேராசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரீஸ்மன் 20 கறுப்பின மாணவரையும் 20 சீன அமெரிக்க மாணவரையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனியாக. மற்றவர்கள் ஒன்றாகக் கூடிப் படித்தார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் திருத்தினார்கள். அதன்பின் அவர் கடினமான கணக்குகளைக் கூட்டாகச் செய்யும் பட்டறைகளை அமைத்தார். பெறுபேறு உயர்ந்தது. தனியாகப் படிப்பதைப் பெருமையாக நினைக்கும் நம் வழக்கத்தை இது கொஞ்சம் அசைக்க வேண்டும்.

இதே எண்ணத்தைப் பெரிதாகச் செய்தது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம். 1988இல் பிரீமன் ரபௌஸ்கி, மேயர்ஹோப் என்ற கொடையாளரின் உதவியோடு தொடங்கிய புலமைப்பரிசில் திட்டம் அது. படிப்புத் தொடங்கும் முன் கோடையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தயார்ப்படுத்துவார்கள். கூட்டாகப் படிக்கச் சொல்வார்கள். முதல் வருடங்களிலேயே ஆய்வுகூடத்தில் கைவைக்க விடுவார்கள். செலவு பார்த்துக்கொள்வார்கள், குடும்பத்தையும் அழைத்துப் பேசுவார்கள். அழைப்புக் கிடைத்தும் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போன மாணவரோடு ஒப்பிட்டபோது, இந்தத் திட்டத்தில் படித்தவர்கள் விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்குப் போவது ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. கொரோனாவுக்கு எதிரான மொடர்னா தடுப்பூசியின் ஆய்வில் முன்னணியில் நின்ற கிஸ்மீக்கியா கோர்பெட் இந்தத் திட்டத்தில் படித்து 2008இல் பட்டம் பெற்றவர். அதற்கு முன்பே, பாடசாலைப் பருவத்துக் கோடை விடுமுறையில், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் அவர் வேலை பழகியிருந்தார்.

எல்லாம் அங்கே சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கல்வித் தகுதியும் அனுபவமும் ஒத்திருந்தும், கறுப்பின விஞ்ஞானிகளுக்கு அரசாங்க ஆய்வு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் "சயன்ஸ்" இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2025இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள், சிறுபான்மை மாணவரை ஆய்வுக்குத் தயார்ப்படுத்திய பல பழைய பயிற்சித் திட்டங்களை மூடின. பலன் தந்த ஏற்பாடும் ஆட்சி மாறினால் அழியலாம். ஆகவே இப்படியான வேலையில் ஒரு பகுதியையாவது சமூகம் தன் கையில் வைத்திருப்பது நல்லது.

மஸ்கெலியாத் தங்கையின் வழிக்கு வருவோம். அவளுக்கு முதலில் வருவது மொழி. உயிரியலை, இரசாயனவியலைத் தமிழில் படித்தாள். "கலமென்சவ்வு" தெரியும், "நொதியம்" தெரியும். பல்கலைக்கழகத்தில் முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலம். அறிவு அவளிடம் இருக்கிறது; அதை வெளியே எடுக்கும் மொழி கையில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். ஆகவே தமிழில் விஞ்ஞானம் படித்தது ஒரு குறை என்று எந்தப் பிள்ளையும் குனிய வேண்டியதில்லை. ஆனால் இன்றைய ஆய்வுலகத்தில் எழுதவும் பேசவும் ஆங்கிலம் வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை ஒரு வருடத்துக்கும் மேல் இடைவெளி வந்துவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் வேலைக்கு வருவது அந்த இடைவெளியில்தான். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை கடை. படித்தது மறந்து போகிறது. சம்பளம் பழகிப்போய்ச் சிலர் திரும்பிப் போவதே இல்லை.

அடுத்தது காசு. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350. மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 7500 ரூபாயாக உயர்த்தினார்கள். கொழும்பில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கே அது காணாது. இந்தக் கணக்கில் நான்காவது வருடம் பெரிய சோதனை. விஞ்ஞானபீடங்களில் மூன்றாண்டுப் பொதுப் பட்டமும் உண்டு, நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் உண்டு. ஆய்வு என்பதை மாணவர் உண்மையாகச் செய்து பார்ப்பது அந்த நான்காம் வருடத்தில். அதற்கான தெரிவு தொடக்க வருடப் பெறுபேறுகளை வைத்து நடக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. மூன்று வருடத்தில் முடித்து வேலைக்குப் போனால் போதும் என்று அவள் வெளியேறிவிடுகிறாள்.

பட்டம் முடிந்தபின் வழி ஒற்றையடிப் பாதையாகிறது. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவற்றின் நிதியில் நடக்கும் ஆய்வுகளில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை உண்டு. ஒப்பந்த வேலை, குறைந்த சம்பளம். அதைச் செய்துகொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதியலாம். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்யப் பெருந்தொகை வேண்டும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். உயிர்மருத்துவத் துறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணத்தை விட்டுவிட்டு, வாழ்க்கைச் செலவுக்கும் கொடுக்கின்றன. விண்ணப்பிக்கத் தேவைப்படுவது விண்ணப்பக் கட்டணமும் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி எழுதிக் கேட்கவும் பல இடங்களில் இடமுண்டு.

இதில் வெள்ளவத்தைக்கு என்ன வேலை? நிறைய. இந்தப் பகுதியில் ஓய்வுபெற்ற விரிவுரையாளர்கள், டொக்டர்கள், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போனபின் மேல்மாடி அறைகள் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இருக்கின்றன. அதில் ஓர் அறையை வாடகை குறைத்து ஒரு விஞ்ஞானபீட மாணவிக்குக் கொடுக்கலாம். கடை முதலாளிமார், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளையை மாலை நான்கு மணிக்கு ஆங்கில வகுப்புக்கு விடலாம், சம்பளம் வெட்டாமல். கோவில் திருவிழாவுக்குத் திரட்டும் நிதியில் ஒரு பங்கை, பத்து மாணவரின் நான்காம் வருடத்துக்கென்று ஒதுக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தை விடுமுறையில் இரண்டு வாரம் மலையக மாணவருக்குத் திறந்துவிடலாம். குழாயியால் அளந்து எடுக்கவும், ஒரு சிலைட் தயாரித்துப் பார்க்கவும் பழகிய கை பல்கலைக்கழகத்தின் முதல் செய்முறை வகுப்பில் நடுங்காது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலிருந்து இருக்கிறது, நூலகமும் மண்டபமும் இருக்கின்றன. அப்படி ஓரிடத்தில் ஞாயிறு காலையில் பத்துப் பேர் கூடிப் படித்தால் அதுதான் ட்ரீஸ்மன் செய்தது.

இதைக் கொடை என்று நினைத்துச் செய்யக்கூடாது. நம் வீட்டில் வேலைக்கு நின்ற பெண்ணின் ஊரிலிருந்து ஒரு மாணவி வரும்போது, "தோட்டத்துப் பிள்ளை, பாவம்" என்ற குரல் கதவைத் திறக்கும் முன்பே அவளுக்குக் கேட்கும். உங்கள் மருமகளின் சிநேகிதி வந்தால் எப்படி வரவேற்பீர்களோ அப்படி வரவேற்க வேண்டும். வடக்கு கிழக்குத் தமிழரும் கொழும்புத் தமிழரும் மலையகத்தாரைப் பார்த்த பார்வையில் பிழை இருந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

தம்பி, உங்கள் தங்கைக்கு உடனே செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். முதலாம் வருடம் முடிந்த விடுமுறைக்கு, ஆய்வுகூடம் நடத்தும் விரிவுரையாளர் ஒருவருக்கு அவள் மின்னஞ்சல் எழுதட்டும். நீளம் வேண்டாம். தன் பெயர், எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருடம். அந்த விரிவுரையாளரின் ஒரு கட்டுரையைத் தேடி வாசித்து, அதில் தனக்குப் புரியாத ஒரு கேள்வி. இத்தனை வாரம் வந்து, போத்தல் கழுவுவதில் தொடங்கி எதுவும் பழகத் தயார் என்று ஒரு வரி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மரியாதையோடு இன்னொரு முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவருக்கு. ஆங்கிலம் பிழையாகிவிடும் என்று பயந்தால், அனுப்பும் முன் எனக்குக் காட்டச் சொல்லுங்கள். நான் திருத்தித் தருகிறேன், ஆனால் கேள்வி அவளுடையதாகவே இருக்கட்டும்.